பெல்ஃபாஸ்ட் பையன்கள் யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து பங்க் ராக் இசைக்குழுவான ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸைப் பற்றி நண்பர் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுபதுகளில் அந்த ஊரை உலுக்கிய ஆயுத மோதலைச் சொல்லி, 'கலவரத்தை விற்றுப் பிழைத்தவர்கள்' என்றார், கூடியிருந்தவர்களும் கைதட்டினார்கள். பெல்ஃபாஸ்ட் பையன்கள் பெல்ஃபாஸ்டைப் பாடுவது எப்படிப் பிழைப்பாகும்?

1975இல் மயாமி ஷோபேண்ட் இசைக்குழுவினர் மூவர், கச்சேரி முடிந்து ஊர் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வெளியூர்க் குழுக்கள் வட அயர்லாந்துக்கு வரவே அஞ்சின. அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான், 1978 மார்ச்சில், இந்தப் பையன்கள் ரிஜிட் டிஜிட்ஸ் என்று தாங்களே ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பெயர் சூட்டி, 'சஸ்பெக்ட் டிவைஸ்' என்ற முதல் பாடலை வெளியிட்டார்கள். உறையில், கேசட் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் வெடிகுண்டின் படம். தனக்கு வந்த பிரதியை நிஜக் குண்டு என்று பயந்து ஓர் இசை நிறுவனம் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டதாகக் கதை உண்டு. கேசட் பெட்டியைக் கண்டே அஞ்ச வேண்டிய ஊரில் இளைஞன் வேறு எதைப் பாடுவான்?

பத்திரிகையாளர் கார்டன் ஓகில்வி பாடல் வரிகளை எழுதக் கைகொடுத்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இருக்கட்டும். பாடிய ஜேக் பர்ன்ஸ் அந்த ஊர்க்காரர்தானே? வட அயர்லாந்தின் இன்னொரு நகரமான டெர்ரியிலிருந்து வந்த அண்டர்டோன்ஸ் இசைக்குழுவுக்கே இந்தப் போக்கு பிடிக்கவில்லை என்கிறீர்கள். இதை நான் மதிக்கிறேன். அதே துயரத்துக்குள் இருந்துகொண்டு காதலைப் பாட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒருவர் பாடாமல் விட்டதைக் காட்டி, பாடியவரை எப்படிக் குற்றவாளி ஆக்குவீர்கள்?

கல்லூரி ஆண்டுவிழாவில், எங்கள் தெருவின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நான் எழுதிய பாட்டைப் பாதியில் நிறுத்தி, 'சுருதி சேர்க்கத் தெரியாதவனுக்கு அரசியல் எதற்கு?' என்று மைக்கிலேயே கேட்டார் ஒரு பெரியவர். அதற்குப் பிறகு நான் கிட்டாரைத் தொடவில்லை. அந்தப் பையன்களிடமும் இப்படிப் பலர் கேட்டிருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை, பிபிசி வானொலியில் ஜான் பீல் அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார், மறு ஆண்டே அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டிஷ் தரவரிசையில் 14ஆம் இடத்தைப் பிடித்தது.

வெற்றி பெற்றதால்தான் விற்றார்கள் என்கிறீர்களா? தோற்றிருந்தால் மட்டும் விட்டிருப்பீர்களா? இருபது வயதுக்காரன் தன் ஊரின் பயத்தைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நண்பரே, அந்தத் தட்டின் பின்பக்கத்தில் 'வேஸ்டட் லைஃப்' என்று இன்னொரு பாடல் இருக்கிறது. எந்தத் தரப்புக்காகவும் துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்று மறுக்கும் ஓர் இளைஞனின் பாடல் அது. அதையும் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், பேசுவோம்.