கீழ் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு பல்

பாற்பல் விழமுன்னரே புதுப்பல் முளைப்பது பற்றிய கட்டுரையை வாசித்ததும் போன வருசம் எங்கட வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. எங்கட ஊர் களுவாஞ்சிகுடி. மகளுக்கு அப்ப 6 வயது. பல் தீட்டிவிடும்போது பார்த்தால் கீழ் முன்பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக, இன்னொரு பல்! மாமி உடனே பல்லைக் கட்டி இழுக்க நூலை எடுத்திட்டா. நான் விடவில்லை, பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

அங்க இருந்த மிஸ் நல்லா விளங்கப்படுத்தினா. கீழ் முன்பற்கள் பாற்பல்லுக்குப் பின்பக்கமாகத்தான் முரசுக்குள் (ஈறுக்குள்) வளருமாம். பாற்பல்லின் வேர் கரையப் பிந்தினால் இரண்டு வரிசையாகத் தெரியும். பாற்பல் ஆடினால் பிள்ளையே ஆட்டி ஆட்டி விழவிடலாம், பிறகு நாக்கே புதுப்பல்லை முன்னுக்குத் தள்ளும். மகளின் பாற்பல் இரண்டு கிழமையில் விழுந்தது, கூரையில் எறிந்து அணிலிடம் கொடுத்தோம். பாற்பல் ஆடாமலே இரண்டு மூன்று மாதம் போனால் மட்டும் பல் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: இதே 6 வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் அதையும் பாற்பல் என்று நினைத்து, சூத்தை பிடித்தாலும் 'விழுற பல்தானே' என்று விட்டுவிடுகிறோம். என்ர மூத்தவனுக்கு அப்படித்தான் ஒன்று போனது. திரும்ப முளைக்காத பல் அது. இன்றிரவே பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள்.