மாயாற்றுப் பாறுகளும் மாட்டு ஊசியும்

தெங்குமரஹாடா கிராமத்துக்குப் பரிசலில் மாயாற்றைக் கடக்கிறவர்கள் தண்ணீரில் முதலை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் கரையிலிருக்கும் நீர்மருத மரங்களைப் பார்க்கச் சொல்வேன். வெளுத்த தண்டு, தகடு தகடாக உரியும் பட்டை, கரைமண்ணைக் கவ்விப் பிடித்த வேர். பாறு என்றால் செத்த விலங்குகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு. இந்த ஆற்றோர மருதங்களின் உச்சியில்தான் அதில் ஒரு வகையான வெண்முதுகுப் பாறு சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுகிறது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. கருங்கழுத்துப் பாறுவுக்குச் செங்குத்துப் பாறையின் இடுக்கு. செந்தலைப் பாறுவும் இங்கே உண்டு.

நீலகிரிக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் நீளும் இந்தப் பள்ளத்தில் நீர்நாய், கழுதைப்புலி, வெளிமான் எல்லாம் இருக்கின்றன. இரண்டு பக்கமும் புலிகள் காப்பகம். அதனால் பாறு பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தால் தப்பு. இரை தேடி அது வெகுதூரம் பறக்கும். காப்பகத்தின் எல்லை அதற்குத் தெரியாது.

வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது இப்படித்தான். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்கொட்டகைக்கு வந்தன. 2015இல் புட்டியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023இல், பாறுகளுக்கு அதேபோல் ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகள் இரண்டையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.

போன மழைக்காலத்தில் எங்கள் பசுவுக்குக் கால் சுளுக்கி வீங்கிவிட்டது. ஊசி போட வந்தவரின் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். டைக்ளோஃபினாக்! "இதுதானுங்க சீக்கிரம் கேக்கும்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு மெலாக்சிகாம் வாங்கி வரச் செய்தோம். அது பாறுகளுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்த்த மருந்து.

காட்டுக்குள் காவல் இன்னும் வேண்டும் என்று கேட்கிறோம், சரி. ஆனால் இந்தக் காவலை நம் கொட்டகையில் நாம்தான் செய்ய முடியும். மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஊசி போடும் முன்னால் புட்டியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். வலி ஊசி போட்ட மாடு செத்துப்போனால் வெளியே போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

எங்கள் பசு நாலு நாளில் நன்றாக நடந்தது. அந்த மெலாக்சிகாம் புட்டியைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.