எல்லாம் பச்சை, டயரைத் தவிர

“எல்லாம் பச்சையில இருக்கு சார்.”

இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும். சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று அளக்கிற அலைன்மென்ட் மிஷின் துப்பிய தாள் சர்வீஸ் அட்வைசர் கையில். அது அளந்த என் காரிலிருந்து கழற்றிய டயர் என் காலடியில். உள்பக்க ஓரத்தில் ரப்பர் என்று ஒன்றும் பாக்கி இல்லை, கம்பி பல்லிளிக்கிறது. வெளிப்பக்கமோ இன்னும் பாதிக்கு மேல் பட்டனோடு ஜம்மென்று இருக்கிறது. தாளைப் பார்க்கிறேன், பச்சை. டயரைப் பார்க்கிறேன், கம்பி. மறுபடியும் தாளைப் பார்க்கிறேன். சர்வீஸ் அட்வைசர் என்னையே பார்க்கிறார், நான்தான் ராத்திரி அரத்தை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்து ராவிவிட்டு வந்ததைப் போல.

“காத்து கரெக்டா செக் பண்றீங்களா சார்?”

காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். அதிகமானால் நடுவில் தேயும். உள்ஓரம் மட்டும் தேய வேண்டுமென்றால் டயருக்குள் ஒரு பக்கம் மட்டும் காற்று இருந்திருக்க வேண்டும். அந்த மாதிரிக் காற்று எங்கே பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை மனுஷன். காற்று இறங்கினால் அலறுவதற்கென்றே நாலு சக்கரத்திலும் சென்சார் இருக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்லித்தானே விற்றீர்கள்?

“அப்போ உங்க டிரைவிங் ஸ்டைல் சார்.”

வந்துவிட்டதா! இதற்காகத்தான் காத்திருந்தேன். வளைவில் விரட்டித் திருப்பினால் அடிவாங்குவது டயரின் வெளி ஓரம். என் டயரில் வெளி ஓரம் குழந்தை மாதிரி பத்திரமாக இருக்கிறது. உள்ஓரத்தை மட்டும் தேய்க்கிற ஓட்டும் கலை ஒன்று இருந்தால் சொல்லிக் கொடுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

“ரோடும் அப்படி இருக்கு சார்.”

அடடா. விளம்பரத்தில் இதே வண்டி ஆற்றில் இறங்கியது, பாறையில் ஏறியது. சேற்றை வாரித் தெளித்துக்கொண்டு வந்து நின்றபோது அதன் டயரில் எந்தக் கம்பியும் தெரியவில்லை. தார் ரோட்டில் போனதும் பிள்ளைக்கு உடம்புக்கு ஆகவில்லையாம்.

இந்தப் பச்சையைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். பச்சை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கம்பெனி அனுமதித்த வரம்புக்குள் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறது, அவ்வளவுதான். நடுவில் இருந்தாலும் பச்சை, விளிம்பில் தொங்கினாலும் பச்சை. இந்த மாதிரி கனமான வண்டிகளில் பலவற்றுக்கு, வளைவில் பிடிப்பு வேண்டும் என்று சக்கரத்தின் மேல்பகுதியை உள்பக்கமாகச் சாய்த்தே வடிவமைக்கிறார்கள். அதுதான் நெகட்டிவ் கேம்பர். அது மட்டும் இருந்தால்கூட டயர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதோடு டோவும், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் பார்க்கிற திசையும், வெளிப்பக்கமாக விலகிவிட்டால் முடிந்தது கதை. ஒரு சக்கரம் கால் டிகிரி விலகினாலே, வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். இரண்டரை டன் வண்டியில் தன் பங்கைத் தலையில் வைத்துக்கொண்டு, சாய்ந்து நிற்கிற அந்த உள்ஓரத்தின் மேலேயே. அப்புறம் அங்கே கம்பி தெரியாமல் என்ன தெரியும்?

இதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் வேறு. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் வண்டி தானாகத் தாழ்ந்துகொள்ளும். தாழ்ந்தால் சக்கரம் இன்னும் சாயும். அதனால்தான் கம்பெனி சொன்ன உயரத்தில் நிறுத்தி, உயரம் சரியா என்று அளந்துவிட்டு, அதற்கப்புறம் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். எந்த உயரத்தில் வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“நார்மலா வச்சுத்தான் சார்.”

நார்மல் என்பது ஓர் அளவா ஐயா?

மிஷின் பக்கத்தில் நின்ற பையன் மட்டும்தான் அந்தக் கட்டடத்திலேயே டயரைக் குனிந்து பார்த்தவன். டயரின் பட்டன் மேல் குறுக்கே கையைத் தடவினான், ஒரு திசையில் வழவழ, எதிர்த்திசையில் ரம்பம். மெதுவாக, “சார், லோயர் ஆர்ம் புஷ் ஒருதடவ பாத்துருங்க சார். நிக்கும்போது அளவு சரியாத்தான் காட்டும், பிரேக் போட்டா வீல் பின்னாடி போயிடும்” என்றான். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற கீழ்க்கையின் மூட்டு ரப்பர்தான் அந்த புஷ். அவ்வளவுதான் சொன்னான். அட்வைசர் அவனைப் பார்த்த பார்வையில் பையன் அடுத்த வண்டிக்கே போய்விட்டான். விஷயம் தெரிந்தவனுக்கு வாய் கிடையாது, வாய் இருப்பவருக்குத் தாள்தான் தெரியும்.

இன்னொரு கொடுமை. போன சர்வீஸ் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். டயர் என்ற இடத்தில் ‘நன்று’ என்று டிக். எப்படி நன்று? பட்டன் ஆழம் பார்க்கிற கேஜை வெளிப்பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள், கை எட்டுகிற இடம் அதுதானே! புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6-க்குக் கீழே போனால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக்கூடாது. உள்ஓரத்தில் அந்த நேரத்தில் எவ்வளவு இருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். வண்டியை லிஃப்டில் தூக்கியவர்கள், அண்ணாந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். ஹைவேயில் குடும்பத்தோடு போகும்போது வெடித்திருந்தால் அந்த டிக்கை யாரிடம் காட்டுவது?

சரி, டயரை இடம் மாற்றிப் போட்டாவது ஒப்பேற்றலாமா என்றால், பின் டயர் முன் டயரைவிட அகலம். மாற்ற முடியாது. ஒன்றை மட்டும் வாங்கலாமா? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சார், ஜோடியாகத்தான் மாத்தணும், நாலையும் மாத்துனா இன்னும் நல்லது சார். நல்லதுதான், யாருக்கு என்பதுதான் கேள்வி.

கடைசியில் தீர்ப்பு என்ன தெரியுமா? “புது டயர் போட்டுக்குங்க சார், கொஞ்ச நாள் அப்சர்வேஷன்ல வைப்போம்.” ஐசியூவில் சேர்த்திருக்கிறோமா? யார் யாரை அப்சர்வ் பண்ணுவது? புது டயரை அந்த வண்டி மென்று தின்பதை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்! சிரித்துவிட்டேன். உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் என்ன தோன்றியதோ, கூடவே சிரித்தார். சிரித்துக்கொண்டே, “ஃபீட்பேக் கால் வரும் சார், பத்துக்குப் பத்து போட்டுருங்க” என்றார்.

அது போகட்டும். இவ்வளவு பெரிய வண்டியில் ஏசியை ஒரு புள்ளி கூட்டத் திருகுவதற்கு ஒரு குமிழ் வைக்க எவனுக்கும் ஏன் மனசு வரவில்லை? வேர்த்துக்கொண்டே கண்ணாடித் திரையில் மெனுவுக்குள் மெனு தேடுகிறேன், வண்டி லேசாக ஓரம் போகிறது, உடனே ஸ்டியரிங் அதிர்ந்து என்னைத் திட்டுகிறது, கவனமாக ஓட்டு என்று.