பேச்சு போன பிறகும் பாட்டு இருந்தது

மூளையைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், பேச்சுக்கு இடது மூளை, பாட்டுக்கு வலது மூளை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் பிரித்துவிட்டார். அதைப் படித்ததும் என் தந்தையின் நினைவு வந்தது. பக்கவாதம் அவருடைய இடது மூளையைத் தாக்கிய பின், தண்ணீர் கேட்கக்கூடச் சொல் வராமல், டம்ளரைக் காட்டி உதட்டை அசைத்துத் தவிப்பார். ஆனால் அம்மா பழைய பாட்டொன்றை முணுமுணுத்தால், அடுத்த அடியை ஒரு சொல்லும் பிசகாமல் பாடுவார்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் கண்ட நோயாளியால் 'டான்' என்பதைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச முடியவில்லை. என்றாலும் பிறர் பேச்சு அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் இறந்தபின் மூளையின் இடது முன்மடலில் சிதைவைக் கண்டார் புரோக்கா. 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோயாளிகளோ சரளமாகப் பேசினார்கள், பேச்சில்தான் பொருளில்லை.

இவை கட்டுரைக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அந்த 'டான்' மூளையை எம்.ஆர்.ஐ. படமெடுத்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்டபோது, புரோக்கா மேற்பரப்பில் கண்டதைவிடச் சிதைவு வெகு ஆழத்துக்குச் சென்று, மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளையும் பாதித்திருந்தது தெரியவந்தது. ஆகவே பேச்சு என்பது ஓரிடத்தின் வேலையன்று, பல இடங்களுக்கிடையே ஓடும் இணைப்புகளின் வேலையும்கூட; பாட்டிலும் இரு பக்கங்களுக்கும் பங்குண்டு.

என் தந்தைக்குப் பேச்சுப் பயிற்சி அளித்தவர், இடது கையால் தாளம் தட்டவைத்து, 'தண்ணீர் வேண்டும்' என்பதை ராகமாக இழுத்துச் சொல்லப் பழக்கினார். மூன்றாம் வாரத்தில் அந்த இரண்டு சொற்களும் வந்தன.