கீரை மட்டும் போதுமா?
தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டாலே இரும்புச்சத்துக் குறையாது என்று இங்கு வெளியான கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. கீரை, பருப்பிலுள்ள இரும்பை உடல் இறைச்சியில் இருப்பதைப்போல எளிதாக உறிஞ்சாது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். தேநீரோ இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சிங்கப்பூரின் தேக்காவில் சாப்பிட்ட கையோடு தே தாரிக் என்ற பால் தேநீர் வாங்குகிறோமே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! என் மகளுக்கு ரத்தசோகை வந்தபோது சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொன்னார் மருத்துவர். மேலே கருத்து எழுதிய ஒருவர் இரும்பு மாத்திரையை நாமே வாங்கிப் போடலாம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டலாம், இரும்புச்சத்து சரியாகவே இருக்கலாம். உடலில் சேமிப்பாக உள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.