பித்தநாள எண்டோஸ்கோப்பிக்குப் பின் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தேவையா?

பித்தநாள எண்டோஸ்கோப்பி என்பது, வாய் வழியே குழாய் போன்ற கருவியைச் செலுத்தி, பித்தம் வடியும் குழாயில் செய்யும் சிகிச்சை. ‘பித்தநாள எண்டோஸ்கோப்பி முடிந்ததும் ஒரு வாரம் வீரியமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் எந்தக் கிருமியும் அண்டாது’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட. மருந்துக்கு அடங்காத கிருமி அதற்கெல்லாம் அசையாது. அதனுடன் போட்டியிடும் மற்ற கிருமிகள் அழிந்து, அதற்குத்தான் இடம் கிடைக்கும்.

ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி இந்தக் கருவி வழியாகப் பரவக்கூடும். எனவே கவனம் இருக்க வேண்டியது கருவியின் நுனியில். அங்குள்ள சிறு நெம்புகோலின் பின்புற இடுக்கில் சளியும் பித்தமும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கிருமிநாசினி உள்ளே எட்டாது. பயன்படுத்திய உடனே துடைத்து, நெம்புகோலை ஏற்றி இறக்கி பிரஷால் தேய்த்து, கிருமி நீக்கி, நன்றாக உலர்த்த வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாகங்கள் கொண்ட கருவிகளுக்கு மாறும்படி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைத்தது.

பித்தம் முழுதாக வடியாது என்று கருதினால் மருத்துவரே ஆன்டிபயாடிக் தருவார். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.