கடை திறந்தாச்சா?

அப்பத்தா: முருகேசு, கடை திறந்தாச்சாடா?

முருகேசு: எங்கே அப்பத்தா, மணி பதினொன்றரைதானே ஆகிறது. 12 அடித்தால் டாண் என்று ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள்.

அப்பத்தா: பன்னிரண்டா? காலையிலேயே திறப்பார்களே.

முருகேசு: அது பழைய கதை. 10 மணிக்குத் திறந்துகொண்டிருந்ததை 2016-ல் 12 ஆக்கிவிட்டார்கள். ஆனால் ராத்திரி 10 வரைக்கும் கவலையே இல்லை.

அப்பத்தா: ராத்திரி வரைக்குமா! நான் போனால் மட்டும் 'சரக்கு தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வா' என்கிறானே.

முருகேசு: நீ எதற்கு அங்கே போனாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வாங்கி வந்திருப்பேனே.

அப்பத்தா: நீ எப்படி வாங்குவாய்? அட்டையில் உன் பேர் இல்லை, உன் ரேகை செல்லாது. என் ரேகையே விழ மாட்டேன் என்கிறது, அறுபது வருசம் களை பிடுங்கித் தேய்ந்த விரல், முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்தேன், அந்த மிஷின் கீச் கீச் என்று கத்துகிறதே தவிர ஏற்க மாட்டேன் என்கிறது.

முருகேசு: ரேகையா? நம் கடையில் அதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கம்பி வலைக்குள் கையை விட்டால் போதும், நடுங்குகிற கையாக இருந்தாலும் சரி.

அப்பத்தா: அட, நல்ல கடையாக இருக்கிறதே! எவ்வளவு போடுகிறார்கள்?

முருகேசு: உனக்கு 180 போதும்.

அப்பத்தா: நூற்றெண்பது கிராமா! போன மாசம் வரைக்கும் ஒரு கிலோ பருப்பு போட்டான், படுபாவி.

முருகேசு: பருப்பா? அப்பத்தா, நீ ரேஷன் கடையையா சொல்கிறாய்?

அப்பத்தா: பின்னே? ... ஓ. நீ அந்தக் கடையைச் சொன்னாயா.

(எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் வெறுமனே 'கடை' என்றால் அது ஒன்றுதான். மளிகைக்கும் ரேஷனுக்கும்தான் முன்னால் ஒரு பேர் சேர்க்க வேண்டியிருக்கிறது.)

முருகேசு: என்னை ஏன் முறைக்கிறாய்? நானா ஊருக்குள் கொண்டுவந்தேன்? மதுக்கடையை நெடுஞ்சாலையை விட்டு 500 மீட்டர் தள்ளு, சின்ன ஊர் என்றால் 220 மீட்டர் போதும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம்தான் சொன்னது.

அப்பத்தா: வண்டியில் போகிறவன் பிழைக்கட்டும் என்று தள்ளினார்கள், சரி, தள்ளின இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோமே. பஸ்ஸையும் அந்த 220 மீட்டர் உள்ளே விடுங்கள் என்று எத்தனை வருசமாக மனு கொடுக்கிறோம், வந்ததா? கடை வந்த ரோட்டில் பஸ் வராதாம், ரோடு குறுகலாம்.

முருகேசு: அதுதான் கிராம சபையில் கடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டோமே. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அப்பத்தா: போடாமல் என்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கிராம சபை கூடுகிற நாட்களில் இந்த நாலும் கடைக்கு லீவு, அதனால்தான் உன் கையெழுத்து கோணாமல் விழுந்தது. மறுநாள் பன்னிரண்டுக்கு முதல் ஆளாக நின்றது யார்?

முருகேசு: லீவு நாளிலும் முள்ளுக்காட்டுப் பக்கம் கிடைக்கத்தான் செய்யும், விலைதான் இரண்டு மடங்கு... (நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.)

அப்பத்தா: அந்தத் தீர்மான நோட்டில் என் ரேகையும் இருக்கிறது. மை தடவி வைத்தேன், அச்சுப் போட்ட மாதிரி விழுந்தது. பருப்புக்கு விழாத ரேகை அதற்கு மட்டும் விழுகிறது.

(தூரத்தில் ஷட்டர் தூக்கும் சத்தம்.)

முருகேசு: அப்பத்தா... முதியோர் பணம் 1,200 வந்திருக்குமே. ஒரு இருநூறு கொடேன், சனிக்கிழமை கூலி வாங்கினதும் தந்துவிடுகிறேன்.

அப்பத்தா: அதற்கென்ன, தருகிறேனே. ரேகை வை.

முருகேசு: எதில்?

அப்பத்தா: இந்தா, என் உள்ளங்கையில். அழுத்தி வை... என்னடா இது, இப்படி நடுங்குகிறது? ம்ஹூம், விழவில்லை. அடுத்த வாரம் வா.